நிகழ்வு ஆய்வு: ஒரு நாளும் வகுப்பு விடாத பெடியனுக்கு 70 வீதம் அட்டெண்டன்ஸ் வந்தது எப்பிடி

திருகோணமலை டவுனுக்குள்ள இருக்கிற ஒரு டிப்ளோமா நிறுவனம், பெயர் இதுக்கு தேவையில்ல. முதலாம் வருசத்தில பிளேஸ்மென்ட் டெஸ்ட் ஒண்டு வைப்பினம், அதில இங்கிலிஸ் எழுத்து குறைவா இருக்கிற பிள்ளைகளை எல்லாம் ஒரு அடிப்படை எழுத்து வகுப்புக்குள்ள போடுவினம், அதை பாஸ் பண்ணாம அடுத்த வருசத்து இங்கிலிஸ் பாடத்துக்கு போக ஏலாது. முப்பது பேருக்கு கிட்ட இருப்பினம். நான் அங்க வேற பாடம் விசிட்டிங்கா எடுக்கிற ஆள், இந்த வகுப்பை எடுக்கிறது என்ர ஃப்ரெண்ட் ஒராள், இனி அவவை மிஸ் எண்டே சொல்றன். செமஸ்டர் முடிஞ்சு எக்ஸாம் லிஸ்ட் ஒட்டின பிறகு ஒரு பிரச்சினை கிளம்பினது, அதுக்குப் பிறகு ரெண்டு பேரும் இருந்து சைன் ஷீட், மார்க்ஸ் ஷீட், பிள்ளைகளின்ர டிராஃப்ட் ஃபைல் எல்லாத்தையும் மேசையில பரப்பி வச்சுப் பார்த்தம். அதில கண்டதைத்தான் எழுதுறன், பிள்ளைகளை அடையாளம் பிடிக்க ஏலாத மாதிரி கொஞ்சம் மாத்தியிருக்கு, கணக்கை மாத்தேல்ல.

வகுப்பு 15 கிழமை, கிழமைக்கு ரெண்டு தரம், ஆக 30 வகுப்பு. திங்கள் காலமை 8.30ல இருந்து 10.30 வரைக்கும், வெள்ளி 10.30ல இருந்து 12.30 வரைக்கும். முதல் நாள் குடுத்த கோர்ஸ் அவுட்லைன்ல இருந்த ரூல்ஸ் இதுதான், 80 வீதம் அட்டெண்டன்ஸ் இல்லாட்டி எக்ஸாமுக்கு இருக்க ஏலாது, 15 நிமிசத்துக்கு மேல பிந்தி வந்தா பெயருக்கு நேர சிவப்புப் பேனையால எல், அதாவது லேட் எண்டு போடுவினம், முடிய முதல் எழும்பிப் போனாலும் எல்தான், மூண்டு எல் சேர்ந்தா ஒரு ஆப்சென்ட், பிந்திக் குடுக்கிற அசைன்மென்ட் எடுக்க மாட்டம், மெடிக்கல் எண்டா கவர்மென்ட் ஆஸ்பத்திரி மெடிக்கல் மட்டும்தான், அதுவும் ஏழு நாளைக்குள்ள. 30ல 80 வீதம் எண்டா 24. அப்ப ஒராளுக்கு 6 வகுப்பு விட இடம் இருக்கு, கேக்க தாராளமாத்தான் இருக்கு.

கோர்ஸ் வேர்க் பக்கம், நாலு எழுத்து. ஒரு விவரணை, ஒரு செய்முறை, ஒரு ஒப்பீடு, ஒரு கருத்துக் கட்டுரை. ஒவ்வொண்டுக்கும் முதல் டிராஃப்ட், பக்கத்தில இருக்கிற ஆள் வாசிச்சுச் சொல்றது, ரெண்டாம் டிராஃப்ட், பிறகு கிளீன் கொப்பி. கிழமைக்கு ஒரு பக்கம் ஜேர்னல். மார்க்ஸ் பிரிச்சது இப்பிடி: நாலு கிளீன் கொப்பிக்கும் 40, ஜேர்னலுக்கு 10, அட்டெண்டன்ஸுக்கு 10, எக்ஸாமுக்கு 40. இதில டிராஃப்டுக்கு எத்தனை மார்க்ஸ் எண்டு தேடிப் பாருங்கோ, ஒண்டும் இல்ல. இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வச்சிருங்கோ, பிறகு வருவம்.

பிரச்சினை கிளம்பினது மூதூர் பெடியனால. எக்ஸாம் லிஸ்ட்ல பெயர் இல்லாததைப் பார்த்துட்டு நேரா மிஸ்ஸிட்ட வந்து நிண்டிருக்கிறான், "மிஸ், நான் ஒரு நாளும் வராம உட்டதில்லையே, எப்பிடி என்ட பேர் இல்லாமப் போகும்" எண்டு. மிஸ்ஸுக்கும் ஒண்டும் விளங்கேல்ல, ஏனெண்டா அந்தப் பெடியன் முன் வாங்கில இருக்கிறவன், எல்லா நாளும் இருந்த முகம். ஒபிஸ்ல போய் கேட்டா கம்பியூட்டர்ல 70 வீதம் எண்டு கிடக்கு. சைன் ஷீட்டை எடுத்து எண்ணினம். திங்கக்கிழமை 15ல 12 நாள் எல். மற்ற மூண்டு திங்களும் மாமாட பைக்ல வந்தவனாம், அதால நேரத்துக்கு வந்திருக்கிறான். வெள்ளிக்கிழமை 15 நாளும் எல், ஏனெண்டா ஜும்ஆவுக்கு பன்னிரண்டு மணிக்கு எழும்பிப் போயிருக்கிறான். 12ம் 15ம் 27, மூண்டால பிரிச்சா 9 ஆப்சென்ட். 30ல 9 போக 21. 70 வீதம். கணக்கில ஒரு பிழையும் இல்ல, அதுதான் இதில பயங்கரமான விசயம், ரூலை ஒரு எழுத்து மாறாம பிடிச்சா ஒரு வகுப்பும் விடாத ஆள் எக்ஸாம் எழுத ஏலாம வெளியில நிக்கிறான்.

மூதூரைத் தெரியாதவைக்கு ஒண்டு சொல்லோணும். டவுன் கடற்கரையில நிண்டு பார்த்தா கொட்டியாரக் குடாவுக்கு அங்கால மூதூர் கிட்டத்தான் இருக்கிற மாதிரி இருக்கும், ஆனா தரையால வாறதெண்டா குடாவைச் சுத்தி, கிண்ணியாவால வரோணும், பஸ்ல ஒரு மணித்தியாலத்துக்கு மேல. 2009 ஒக்டோபர்ல கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும் அதில பாதை எண்ட மிதவையில ஏறித்தான் ஆக்கள் கடந்தது, இப்ப அந்தக் கஷ்டம் இல்லத்தான், ஆனா திங்கக்கிழமை காலமை பஸ் எண்டா ஆஸ்பத்திரிக்கு வாறவை, கச்சேரிக்கு (மாவட்ட செயலகத்துக்கு) வாறவை, வேலைக்குப் போறவை எண்டு ஃபுட்போர்ட் வரைக்கும் சனம், ஒவ்வொரு ஹோல்ட்லயும் நிக்கும். ஒக்டோபர் கடைசியில இருந்து வாடை மழை வேற, மகாவலி வந்து கடலில விழுற இடம் அது, வெள்ளம் வந்தா ரோட்டில எங்கெங்க தண்ணி நிக்கும் எண்டு யாருக்கும் தெரியாது. 2021 நவம்பர்ல குறிஞ்சாக்கேணியில பாலம் கட்டிக்கொண்டிருக்கேக்க, அதுக்குப் பதிலா ஓடின பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் செத்த ஊர்ப்பக்கம் இது. அந்தப் பக்கத்து உம்மா வாப்பா மழை நாளில பிள்ளையை மறிச்சு வச்சா நான் ஒண்டும் சொல்ல மாட்டன்.

ஒபிஸ்ல சொன்ன பதில், அப்ப அவன் முந்தின பஸ்ல வந்திருக்கோணும் எண்டு. சரி, முந்தின பஸ் இருக்குத்தான். ஆனா வெள்ளிக்கிழமைக்கு என்ன பதில்? ஜும்ஆ தொழுகையை முந்தின பஸ்ல அனுப்ப ஏலாதுதானே. கிண்ணியா, மூதூர், புல்மோட்டைப் பிள்ளைகள் இருக்கிற ஒரு மாவட்டத்தில வெள்ளி 12.30 வரைக்கும் ஒரு வகுப்பைப் போட்டுட்டு, முடிய முதல் எழும்பினா எல் எண்டு எழுதினவை அந்த ரெண்டு வரியையும் ஒண்டாச் சேர்த்து ஒருக்காலும் வாசிச்சிருக்க மாட்டினம் எண்டுதான் நான் நினைக்கிறன். கெட்ட எண்ணம் எண்டு சொல்லேல்ல, டைம்டேபிள் போட்டது ஒராள், ரூல் எழுதினது வேற ஆள், சைன் ஷீட்டை கம்பியூட்டர்ல ஏத்தினது இன்னொராள்.

அடுத்தது பாலையூத்து அக்கா. வகுப்பில எல்லாருக்கும் மூத்தவ, அதால எல்லாரும் அக்கா எண்டுதான் கூப்பிடுறது, புருசன் கட்டார்ல, சின்னப் பிள்ளை ஒண்டு. ஏழு வகுப்பு வரேல்ல, 23. வேண்டிய 24க்கு ஒண்டு குறைவு. அந்த ஏழில நாலு நாள் பிள்ளைக்கு காய்ச்சல் எண்டு பெரியாஸ்பத்திரி வாட்டில இருந்திருக்கிறா, கவர்மென்ட் மெடிக்கலும் இருக்கு, ஏழு நாளைக்குள்ளயும் குடுத்திருக்கிறா, ஆனா மெடிக்கல்ல இருக்கிறது பிள்ளையின்ர பேர். வருத்தம் வந்தது மாணவிக்கு இல்ல எண்டு திருப்பி அனுப்பிப் போட்டினம். வாட்டில மூண்டு வயசுப் பிள்ளையோட தாய் நிக்காம வேற ஆர் நிக்கிறது எண்டு கேட்டா ஒபிஸ்ல அதுக்கு ஃபோர்ம் இல்ல.

மூண்டாவது குச்சவெளிப் பெடியன். இவன்ர கேஸ் வேற மாதிரி, உண்மையாவே ஒன்பது வகுப்பு வரேல்ல, சாட்டும் பெரிசா ஒண்டும் சொல்லேல்ல. விடிய கரைவலைக்குப் போவான், சீசன் தொடங்கினா நிலாவெளியில ஒரு ஹோட்டல்ல வேலை, வெளிநாட்டுக்காரர் புறாமலைக்குப் போற போட்டுக்கு ஆள் ஏத்திவிடுறதும் இவன்தான். இவனுக்கும் 70 வீதம். மூதூர்ப் பெடியனுக்கும் இவனுக்கும் கம்பியூட்டர்ல ஒரே நம்பர். ஆனா ஃபைலைத் திறந்தா நாலு எழுத்துக்கும் முதல் டிராஃப்ட், ரெண்டாம் டிராஃப்ட், சிலதுக்கு மூண்டாம் டிராஃப்டும் இருக்கு, கையால எழுதி ஃபோன்ல படம் பிடிச்சு இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப்ல மிஸ்ஸுக்கு அனுப்பினது.

அதில ஒண்டை மட்டும் சொல்றன். விவரணை எழுத்துக்கு அவன் எடுத்த தலைப்பு அப்பா. முதல் டிராஃப்ட்ல இருந்தது எல்லாப் பிள்ளைகளும் ஓ/எல்லுக்குப் பாடமாக்கி எழுதுற அதே மூண்டு வரி, என்ர அப்பா ஒரு மீனவர், அவர் கடின உழைப்பாளி, நான் அவரை நேசிக்கிறன். மிஸ் பிழை ஒண்டும் திருத்தேல்ல, கீழ ஒரு கேள்வி மட்டும் எழுதியிருக்கிறா, கரைவலை இழுக்கேக்க கயிறு கையில எப்பிடி இருக்கும் எண்டு. ரெண்டாம் டிராஃப்ட் ஒரு பக்கம் முழுக்க வந்திருக்கு. கயிறு நனைஞ்சு மண் ஒட்டி வரும், உள்ளங்கையில அரம் மாதிரி ராவும், அதால இடுப்பில கட்டிக்கொண்டு பின்னுக்கு நடந்து நடந்து இழுக்கிறது, வந்த கயிறை வட்டம் வட்டமா சுத்தி வைக்கிறது எல்லாரிலயும் வயசு போன ஆள், அவர் நடக்க மாட்டார், இருந்த இடத்திலயே இருப்பார், அவருக்கும் ஒரு பங்கு இருக்கு, அது வலைச் சொந்தக்காரர் சம்மாட்டி குடுக்கிறது. இங்கிலிஸ்ல சொல்லுக்குச் சொல் பிழை. ஆனா பிழை எல்லாம் ஒரே இடத்தில, இறந்தகாலம் வந்தா டிட் (did) எண்டு போட்டுட்டு வினைச் சொல்லுக்கும் கடைசியில ஈடி (-ed) சேர்த்துப் போடுவான், ஒவ்வொரு தரமும் அப்பிடித்தான். கவனயீனமா எழுதினா பிழை ஒவ்வொரு இடத்தில ஒவ்வொரு மாதிரி வரும், இவன் தனக்குள்ள ஒரு ரூல் வச்சிருக்கிறான், இறந்தகாலத்தை ரெண்டு தரம் காட்டினாத்தான் சரி எண்டு. அதைப் பிடிச்சா ஒரு நாளில திருத்தலாம், அதுக்கு அவன்ர எழுத்து மூண்டு டிராஃப்ட் வரிசையா கையில இருக்கோணும்.

இப்பிடிப் பார்க்கிற முறை மிஸ் கண்டுபிடிச்சதில்ல. அமெரிக்காவில இந்த வகுப்புக்கு டெவலப்மென்டல் ரைட்டிங் எண்டு பேர், அதுக்கு ஒரு கதை இருக்கு. 1970ல நியூயோர்க் சிட்டி பல்கலைக்கழகம் அந்த நகரத்தில ஹைஸ்கூல் முடிச்ச எல்லாரையும் எடுக்கிறம் எண்டு கதவைத் திறந்தது, அதுவரைக்கும் பல்கலைக்கழகப் பக்கமே வராத வீடுகளில இருந்து பிள்ளைகள் வந்தவை. அப்ப சிட்டி கொலிஜ்ல இருந்த மினா ஷோனசி எண்ட ஆசிரியை அந்தப் பிள்ளைகளின்ர பிளேஸ்மென்ட் கட்டுரை கிட்டத்தட்ட 4000த்தை வாசிச்சு, இந்தப் பிழைகளுக்குள்ள ஒரு ஒழுங்கு இருக்கு, பிள்ளை யோசிக்கிற விதம் தெரியுது, அதை முதல் படியுங்கோ எண்டு 1977ல எழுதினவ. பிறகு அங்கயும் இந்த வகுப்புகளில பெரிய இழுபறி, பட்டத்துக்குக் கிரெடிட் சேராத வகுப்பில பிள்ளைகள் மாட்டுப்பட்டு நடுவில விட்டுட்டுப் போகினம் எண்டு. 2007ல பால்டிமோர் கவுண்டி கொமியூனிட்டி கொலிஜ்ல பீட்டர் ஆடம்ஸ் குழு இந்தப் பிள்ளைகளை நேரா சாதாரண எழுத்து வகுப்பிலயே இருத்தி, அதே ஆசிரியரோட ஒரு சின்னக் கூடுதல் வகுப்பையும் சேர்த்துக் குடுக்கத் தொடங்கினது, கலிபோர்னியாவில 2017ல சட்டமே போட்டு கொமியூனிட்டி கொலிஜ்களில பிள்ளைகளை இந்த வகுப்புக்குள்ள தள்ளுறதைக் கட்டுப்படுத்தினவை.

எங்கட பிரச்சினைக்கு வேர் வேற. இஞ்ச பிள்ளை பதினொரு வருசம் இங்கிலிஸ் ஒரு பாடமாப் படிச்சிட்டுத்தான் வருது. ஓ/எல்ல எஸ் எண்ட சாதாரண பாஸ் எடுத்தாக் காணும், ஏ/எல்ல ஜெனரல் இங்கிலிஸ் எக்ஸாம் இருக்கு ஆனா கம்பசுக்கு எடுக்கப் பார்க்கிற இசட் ஸ்கோருக்கு அது கணக்கில்ல, அப்ப கெட்டிக்காரப் பிள்ளையும் அதுக்கு மினக்கெடாது, அது நியாயம்தானே. டிப்ளோமாவுக்கு வந்த பிறகு திடீரெண்டு எல்லாம் இங்கிலிஸ்ல. அதோட இவைக்கு எழுதுறது எண்டா ஒரே தரத்தில எழுதிக் குடுத்து மார்க்ஸ் வாங்குற அலுவல், எழுதினதைத் திரும்ப எடுத்து மாத்தி எழுதுறது எண்டது வாழ்க்கையில இந்த வகுப்பில வந்துதான் முதல் தரம் கேள்விப்படுகினம்.

நாலாவது ஆள்தான் இந்தக் கேஸை முழுசாத் திருப்பினது. டவுன் பெடியன், வீட்டில இருந்து நடந்தே வரலாம், 30க்கு 30. அட்டெண்டன்ஸுக்கு 10க்கு 10. ஜேர்னல் எல்லாக் கிழமையும் குடுத்திருக்கிறான். கிளீன் கொப்பி நாலும் நேரத்துக்கு, பளபள எண்டு டைப் பண்ணி, ஒரு கமா பிழையில்ல. ஃபைலைத் திறந்தா டிராஃப்ட் ஒண்டுகூட இல்ல. சாட்ஜிபிடி எண்டு எல்லாருக்கும் தெரியும், மிஸ்ஸுக்கும் தெரியும், ஆனா டிராஃப்டுக்கு மார்க்ஸ் இல்லாத கோர்ஸ்ல டிராஃப்ட் எங்க எண்டு கேக்க மிஸ்ஸிட்ட ஒரு பிடியும் இல்ல. எக்ஸாம் வந்தது, பேனையும் தாளும் மட்டும், பாவம் ஒரு பந்தியைத் தாண்டேல்ல. எக்ஸாம்ல தனியா 40 வீதம் எடுக்கோணும் எண்ட ரூலால ஃபெயில். நான் இந்தப் பெடியனைக் குறை சொல்லேல்ல, சிஸ்டம் எதுக்கு மார்க்ஸ் குடுத்ததோ அதை அவன் ஒழுங்கா வாசிச்சு அதை மட்டும் செய்தவன்.

இப்ப நாலு பேரையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாருங்கோ. வகுப்பு விடாதவன் 70, வராதவன் 70, வந்தும் எழுதாதவன் 100, தாய் 77க்கு கிட்ட. இந்த நம்பர்களில இருந்து ஆர் எழுதப் பழகினது எண்டு உங்களால சொல்ல ஏலுமா?

அட்டெண்டன்ஸே தேவையில்ல எண்டு நான் சொல்ல வரேல்ல, அப்பிடிச் சொல்ற ஆக்கள் ஸ்டாஃப் ரூம்ல ஒண்டு ரெண்டு பேர் இருக்கினம், நான் அந்தப் பக்கம் இல்ல. 2010ல கிரெடே எண்டவரும் கூட்டாளிகளும் வகுப்பு வரவைப் பற்றி அதுவரைக்கும் வந்த ஆய்வுகளைச் சேர்த்து ஒரு தொகுப்பாய்வு செய்தவை, கொலிஜ் மார்க்ஸை முன்கூட்டிச் சொல்றதில எஸ்ஏடி எண்ட கொலிஜ் நுழைவு டெஸ்ட், ஹைஸ்கூல் மார்க்ஸ், படிக்கிற பழக்கம் எல்லாத்தையும் விட வகுப்பு வரவுதான் நல்லாச் சொல்லுது எண்டு வந்தது. ஒபிஸ்காரர் தூக்கிப் பிடிக்கிற முடிவு அது. அதே ஆய்வில இன்னொண்டும் இருக்கு, வரவைக் கட்டாயமாக்கிற ரூலால சராசரி மார்க்ஸ் கூடுறது கொஞ்சம்தான். அதாவது தானா வாற பிள்ளைக்கு வாறது நல்லா உதவுது, பிடிச்சு இருத்தின பிள்ளைக்கு இருத்தினதால மட்டும் பெரிசா ஒண்டும் நடக்காது. வந்து என்ன செய்யுது எண்டதைப் பொறுத்தது.

எழுத்து வகுப்பில இது இன்னும் கூட. எக்கவுன்டிங் லெக்சர் ஒண்டை விட்டா நோட்ஸைக் கொப்பி பண்ணலாம், யூடியூப்ல பார்க்கலாம். எழுத்து வகுப்பில விட்டுப்போறது ஒரு படி. முதல் டிராஃப்டைப் பக்கத்தில இருக்கிறவன் வாசிக்கிற நாளை விட்டா அந்த ரெண்டு மணித்தியாலம் வேற எங்கயும் கிடைக்காது, ரெண்டாம் டிராஃப்ட் முதலாவதின்ர கொப்பியாத்தான் வரும். மறுபக்கம், இலக்கணப் பயிற்சித் தாள் நிரப்பின நாளை விட்டா பெரிய நட்டம் ஒண்டும் இல்ல. சைன் ஷீட்டுக்கு ரெண்டு நாளும் ஒண்டுதான். பாலையூத்து அக்கா விட்ட ஏழில டிராஃப்ட் வாசிக்கிற நாள் ஒண்டே ஒண்டுதான், அதையும் அடுத்த நாள் கன்டீன்ல இருந்து ஒரு பிள்ளையிட்டக் குடுத்து வாசிப்பிச்சிருக்கிறா, கொமன்ட் எழுதின தாள் ஃபைல்ல கிடக்கு.

இனி அந்த மூண்டு எல் ரூல் எங்க இருந்து வந்தது எண்ட கதை. அப்பீல் லெட்டர் எழுதோணும் எண்டு மிஸ் நிறுவனத்தின்ர ஹேண்ட்புக்கை எடுத்துப் பார்த்தா அதில 80 வீதம் இருக்கு, மெடிக்கல் இருக்கு, எல் எண்ட பேச்சே இல்ல. பிந்தி வந்தா என்ன, எத்தனை நிமிசம், மூண்டு சேர்ந்தா என்ன, ஒண்டும் இல்ல. பழைய அவுட்லைன்களைத் தேடினம். எத்தனையோ வருசத்துக்கு முந்தி இந்த வகுப்பை எடுத்த ஆரோ ஒரு லெக்சரர் தன்ர வகுப்புக்கு எண்டு போட்ட வரி அது, பிறகு வந்தவை ஒவ்வொருவரும் திகதியை மட்டும் மாத்தி அதையே ஃபோட்டோகொப்பி எடுத்துக் குடுத்திருக்கினம், ஒபிஸ்ல இருந்தவையும் அதை நிறுவன ரூல் எண்டு நினைச்சு கம்பியூட்டர் ஷீட்ல ஃபோர்முலாவாப் போட்டு வச்சிருக்கினம். முதல் போட்டவர் வெள்ளிக்கிழமை வகுப்பு எடுத்தவரோ தெரியாது. எனக்கெண்டா இந்தக் கேஸ்ல மற்ற எல்லாத்தையும் விட இதுதான் முக்கியமான கண்டுபிடிப்பு, உங்கட அவுட்லைனையும் ஒருக்கா எடுத்து ஹேண்ட்புக்கோட வச்சுப் பாருங்கோ.

அப்பீல் முடிவு, மூதூர்ப் பெடியனை எக்ஸாமுக்கு விட்டவை, பாஸ். அக்காவை ஒரு நிபந்தனையோட விட்டவை, ஜிஎஸ் (கிராம சேவகர்) லெட்டர் ஒண்டு கொண்டு வரச் சொல்லி, அவவும் பாஸ். குச்சவெளிப் பெடியனுக்கு ரிப்பீட். ஒன்பது ஆப்சென்ட் உண்மையான ஆப்சென்ட், ஹேண்ட்புக்ல 80 எண்டு இருக்கு, அதுக்கு மேல ஒருத்தருக்கும் ஒண்டும் செய்ய ஏலாது. நானும் அதை அநியாயம் எண்டு முழுசாச் சொல்ல மாட்டன். ஆனா நாலு பேரிலயும் முதல் டிராஃப்டுக்கும் கடைசி டிராஃப்டுக்கும் இடையில கனக்கத் தூரம் போனது அவன்தான்.

அடுத்த செமஸ்டருக்கு மிஸ் மாத்தினது கொஞ்சம்தான், தன்ர கைக்குள்ள இருந்ததை மட்டும். எல் வரியை வெட்டினது. அட்டெண்டன்ஸுக்கு இருந்த 10 மார்க்ஸையும் கிளீன் கொப்பியில இருந்து 20ஐயும் எடுத்து டிராஃப்டுக்கும் திருத்தினதுக்கும் 30 எண்டு ஆக்கினது, கிளீன் கொப்பிக்கு மிச்சம் 20, ஜேர்னலும் எக்ஸாமும் அப்பிடியே. முதல் டிராஃப்ட் எப்பவும் வகுப்பில இருந்து கையால எழுதுறது. வர ஏலாதவை அண்டைக்கு இரவுக்குள்ள கையெழுத்தில படம் பிடிச்சு அனுப்பலாம். ரெண்டாம் டிராஃப்டோட நாலு வரி எழுதிக் குடுக்கோணும், என்னத்தை மாத்தினன், ஏன் மாத்தினன் எண்டு, அதைத் தமிழ்லயும் எழுதலாம். இந்த நாலு வரி வந்த பிறகு சாட்ஜிபிடி கொப்பி அரைவாசிக்கு மேல குறைஞ்சிட்டுது எண்டு மிஸ் சொல்றா, முழுசா நிண்டிட்டுது எண்டு அவவும் சொல்லேல்ல, நானும் நம்ப மாட்டன். பிந்திக் குடுக்கிறதுக்கு ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு டோக்கன், காரணம் கேக்கிறதில்ல, ஒண்டைக் குடுத்தா 48 மணித்தியாலம் கிடைக்கும். வெள்ளி வகுப்பை எக்கவுன்டிங் சேரோட கதைச்சு 9.30 - 11.30க்கு மாத்தியாச்சு, அது பத்து நிமிசக் கதையில முடிஞ்ச அலுவல், இவ்வளவு காலமும் ஒருத்தரும் போய்க் கேக்காம இருந்ததுதான் புதினம். திங்கக்கிழமை முதல் இருபது நிமிசத்தை ஜேர்னல் எழுதுற நேரமாக்கினது, பஸ் பிந்தினவன் ஜேர்னலை வீட்டில எழுதிக்கொண்டு வரலாம், டிராஃப்ட் வேலை ஒண்டும் தப்பாது.

இதுக்கு முந்தி அமெரிக்காவில ஜேன் டானியெலவிச்சும் பீட்டர் எல்போவும் 2009ல எழுதின ஒப்பந்த முறை ஒண்டையும் நாங்க வாசிச்சம். வகுப்புக்கு ஒழுங்கா வாறது, டிராஃப்டை நேரத்துக்குக் குடுக்கிறது, உண்மையாத் திருத்தி எழுதுறது எண்டு ஒரு பட்டியல் இருக்கும், எல்லாத்தையும் செய்தா பி கிரேட் நிச்சயம், எழுத்து நல்லதோ கெட்டதோ, அதுக்கு மேல போகத்தான் தரம் பார்க்கிறது. அவையின்ர பட்டியல்லயும் வரவு இருக்கு, அதுவும் ஒரு கிழமை வகுப்புக்கு மேல விடக் கூடாது எண்டு எங்களை விட இறுக்கமா. ஆனா அது செய்ய வேண்டிய வேலைகளில ஒண்டா நிக்குது, தனிச் சுவரா நிக்கேல்ல. முழுசா அப்பிடிக் கொண்டு வர எங்கட எக்ஸாம் போர்ட் விடாது.

சரி வராததும் இருக்கு. எல் வரி போனதும் டவுனுக்குள்ள இருக்கிற சிலர் ஒன்பது மணிக்கு டீ குடிச்சிட்டு ஆடி ஆடி வரத் தொடங்கினவை, மிஸ் ரெண்டு பேரைக் கூப்பிட்டு "தம்பிமார், மூதூர்ல இருந்து வாறவன் உங்களுக்கு முந்தி வந்திருக்கிறான்" எண்டு சொன்ன பிறகு கொஞ்சம் அடங்கினது. பக்கத்தில இருக்கிறவன்ர டிராஃப்டை வாசிச்சுச் சொல்லச் சொன்னா முதல் ரெண்டு கிழமை எல்லாத் தாள்லயும் ஒரே கொமன்ட், நல்லா இருக்கு, சூப்பர். மனம் நோகும் எண்டு பயம், பெட்டை பெடியனுக்கு எழுதுறதெண்டா இன்னும் பயம். பிறகு கருத்தே கேக்காம, உனக்கு எந்த இடத்தில இன்னும் தெரிய ஆசையா இருக்கு, அதுக்குக் கீழ ஒரு கோடு போடு எண்டு மட்டும் சொன்னது. அது வேலை செய்யுது.

பெரிய தலையிடி மிஸ்ஸின்ர நேரம். முப்பது பேர், நாலு எழுத்து, ரெண்டு டிராஃப்ட் எண்டா 240 தாள், கிளீன் கொப்பி வேற. விசிட்டிங் ஆக்களுக்கு வகுப்பில நிண்ட மணித்தியாலத்துக்குத்தான் காசு, வீட்டில இருந்து தாள் திருத்துறதுக்கு ஒரு சதமும் இல்ல. அவ இப்ப ஒரு டிராஃப்டுக்கு ஒரு கேள்வி, திரும்பத் திரும்ப வாற ஒரு பிழை, அவ்வளவுதான் எழுதுறது. அதுவே காணும் எண்டு அவ சொல்றா, ஆனா இதை இன்னொரு லெக்சரரிட்டச் செய்யச் சொல்லிக் கேக்க எனக்கு வாய் வராது. டிராஃப்டுக்கு மார்க்ஸ் வேணும் எண்டு சொல்ற நிறுவனம் எதுவா இருந்தாலும் திருத்துற நேரத்துக்குக் காசு ஒதுக்கோணும், இல்லாட்டி ரெண்டு செமஸ்டர்ல பழையபடி சைன் ஷீட்டுக்கே திரும்பிப் போயிடும், ஏனெண்டா சைன் ஷீட் பார்க்கிறது சுகம்.

தாய்மாரின்ர மெடிக்கல் விசயம் இன்னும் அப்பிடியே கிடக்கு. பிள்ளை, வயசுபோன தாய் தகப்பன் ஆஸ்பத்திரியில இருந்தா கூட நிண்ட ஆளுக்கும் அந்த மெடிக்கலை ஏற்கோணும் எண்டு ஒரு லெட்டர் குடுத்திருக்கு, அதோட சேர்த்து, வர ஏலாத நாளில அதே நாள் அனுப்பின கையெழுத்து டிராஃப்டை அரை வரவா எடுக்கலாமா எண்டும் கேட்டிருக்கு. குச்சவெளிப் பெடியன் விட்ட ஒன்பதில ஆறு நாள் அப்பிடி அனுப்பியிருக்கிறான், அரை அரையா ஆறுக்கு மூண்டு, 21ம் 3ம் 24. அடுத்த போர்ட் மீட்டிங்ல எடுக்கிறம் எண்டு சொல்லியிருக்கினம். அவன் இப்ப ரிப்பீட் பேட்ச்ல இருக்கிறான், ஹோட்டல்ல கதைச்சு திங்களும் வெள்ளியும் பின்னேர ஷிஃப்டுக்கு மாத்திக் கொண்டு வாறான், டிட்டுக்குப் பிறகு ஈடி போடுறதை நிப்பாட்டிட்டான், இப்ப தேவையான இடத்திலயும் போடுறானில்ல.